பிள்ளையைக் கையில் வாங்கும் முன்: குமரி மாவட்டத்துக்குச் சில விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குமரி மாவட்டத்தில் எங்காவது ஒரு பச்சிளங்குழந்தை மீட்கப்பட்டதாகச் செய்தி வந்தால், மறுநாள் காலையிலேயே அந்த மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "எங்க கையில தாங்க, நாங்க நல்லா வளத்துக்கிடுவோம்" என்று பல ஆண்டுகளாகப் பிள்ளைக்கு ஏங்கும் தம்பதிகள் கேட்பார்கள். அந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் பிள்ளையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் மருத்துவமனைக்கும் கிடையாது, காவல் நிலையத்துக்கும் கிடையாது. இதை அழைப்பவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்களுக்கே பல நேரங்களில் இது தெரிவதில்லை. குழந்தைகள் நலப் பணியில் இருக்கும் நாங்கள் இந்தக் கடிதத்தை எழுதுவது அதனால்தான்.

தத்து என்றதும் நம் ஊரில் யாரும் முதலில் அரசு அலுவலகத்துக்குப் போவதில்லை. பிரசவ வார்டு செவிலியர், பங்குத்தந்தை, சபை போதகர், அங்கன்வாடிப் பணியாளர், தலைமை ஆசிரியர், வார்டு உறுப்பினர், பத்திரம் எழுதுபவர் என்று தெரிந்த ஒருவரிடம்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்கப்படும் அந்த ஆள் சொல்லும் பதிலை வைத்தே பிள்ளையின் வருங்காலச் சிக்கல்களில் பாதி முடிவாகிவிடுகிறது. ஆகவே அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

கைவிடப்பட்ட குழந்தையைக் காண்பவர் யாராக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண், காவல் நிலையம், இத்தகைய பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரமுள்ள குழந்தை நலக்குழு, அரசின் மாவட்ட அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பதிவு பெற்ற குழந்தைகள் இல்லம் ஆகிய இவற்றில் ஏதாவது ஒன்றுக்குச் சொன்னால் போதும். குழந்தைகளின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் பற்றிய இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 32-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. தகவல் தராமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். குழந்தையை மீட்டவர்கள், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதைக் குழந்தை நலக்குழு முன் கொண்டுவர வேண்டும். குழந்தைக்கு உடல்நிலை சரியில்லை என்றால் முதலில் மருத்துவமனைதான். குழுவுக்குத் தகவல் சொல்லிவிட்டுச் சிகிச்சையைத் தொடரலாம். "குணமாகட்டும், அப்புறம் சொல்வோம்" என்று வார்டிலேயே நாள் கடத்தும்போதுதான் இடைத்தரகர் உள்ளே வருகிறார்.

பெற்ற தாயே வளர்க்க முடியாத நிலையில் இருந்தால் அதற்கும் முறையான வழி இருக்கிறது. திருமணம் ஆகாதவர், கணவர் விட்டுப் போனவர், வறுமையில் இருப்பவர் என்று யார் வந்தாலும் அவர்மீது குற்றம் சுமத்தாமல், அவர் பெயரை வெளியே விடாமல் குழந்தை நலக்குழு முன் அழைத்துவரலாம். ஆலோசனை தந்த பிறகும் அவர் முடிவில் உறுதியாக இருந்தால் ஒப்படைப்புப் பத்திரம் அங்கேயே எழுதப்படும். அன்றிலிருந்து 60 நாள் வரை மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. இந்த 60 நாளைப் பற்றி அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவராக இருந்தால் இரண்டு முறை சொல்ல வேண்டும். பேறுகாலக் களைப்பிலும் பயத்திலும் எடுத்த முடிவு நாற்பதாம் நாளில் மாறுவது உண்டு. உதவித்தொகை கிடைக்கும் என்று தெரிந்தால் ஒப்படைக்கும் எண்ணத்தையே கைவிடும் தாய்மாரும் உண்டு. எனவே ஒப்படைப்பைப் பற்றிப் பேசும் முன் உதவித்தொகையைப் பற்றிப் பேசுங்கள். அதன் விவரம் கீழே வருகிறது.

இப்போது முத்திரைத்தாள் விஷயம். இரு வீட்டாரும் பேசி, தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிட்டால் தத்து முடிந்துவிட்டது என்ற எண்ணம் நம் மாவட்டத்தில் பரவலாக இருக்கிறது. அநாதையான, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட பிள்ளையை இப்படிக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். உரிய முறையைப் பின்பற்றாத தத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் அது 81-ஆம் பிரிவில் குழந்தை விற்பனையாகிவிடும். அதற்கு ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவமனை அல்லது பேறுகால விடுதி ஊழியர் இதைச் செய்தால் தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாது, ஏழாண்டு வரை போகலாம். "ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் கொடுத்தோம்" என்ற சமாதானம் எடுபடாது.

தண்டனையைவிடப் பிள்ளைக்கு நேரும் கேடு பெரிது. பிறப்புச் சான்றில் பெற்றவள் பெயர் ஒன்று, ஆதாரில் வளர்ப்பவர் பெயர் ஒன்று என்று இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது சமாளித்துவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ, அப்பா வளைகுடாவில் இருப்பதால் பாஸ்போர்ட் எடுக்கும்போதோ எல்லாம் வெளியே வரும். இன்னும் சிலர் தனியார் மருத்துவமனையில், வளர்க்கப் போகும் பெண்ணே பெற்றதாகப் பதிந்துவிடுகிறார்கள். இது பொய்ப் பதிவு. நாளை பிள்ளைக்கு இரத்தக்கோளாறு அல்லது பரம்பரை நோய் என்று மருத்துவர் குடும்ப வரலாறு கேட்டால், இல்லாத வரலாற்றைச் சொல்லித் தவறான சிகிச்சைக்கு வழி செய்கிறோம். சொத்துப் பாகம் பிரிக்கும் நாளில் சித்தப்பாவோ பெரியப்பாவோ "இது எங்கள் ரத்தமா?" என்று நீதிமன்றம் போனால், பிள்ளையின் கையில் காட்டுவதற்கு ஒரு ஆணையும் இருக்காது.

இங்கே மதத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்து மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டுமே பொருந்தும். அதிலும் பிள்ளை பொதுவாக 15 வயது நிறையாததாக இருக்க வேண்டும், ஏற்கெனவே மகள் இருப்பவர் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது, கொடுப்பவரும் எடுப்பவரும் நேரில் பிள்ளையைக் கொடுத்து வாங்க வேண்டும், பணம் வாங்கக் கூடாது என்று வரம்புகள் உண்டு. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியருக்கும் இப்படித் தனிச் சட்டம் இல்லை. முன்பு 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது. அந்த உறவு 18 வயதில் முடிந்துவிடும், வாரிசுரிமையும் வராது. இப்போது இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் திறந்திருக்கிறது. இதற்கு முந்தைய 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் பற்றிய ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் தந்தை என்று பெயர் எழுதிவிட்டதால் தத்து ஆகிவிடாது. பங்குத்தந்தையரும் போதகர்களும் பதிவேட்டில் எழுதும் முன் மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணையைக் கேட்டுப் பார்த்தால், பல குடும்பங்கள் பின்னாளில் அலைய வேண்டியிருக்காது.

அக்காளுக்குப் பிள்ளை இல்லை, தங்கைக்கு மூன்று, ஒன்றைக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட கொடுக்கல் நம் ஊரில் நிறைய. இதைச் சட்டப்படி செய்ய 'உறவினர் தத்து' என்ற பிரிவு இருக்கிறது. சட்டம் உறவினர் என்று சொல்வது பிள்ளையின் பெற்றோருடைய உடன்பிறந்தவர்களையும் இரு வழித் தாத்தா பாட்டியையும் மட்டுமே. ஒன்றுவிட்ட சகோதரர், மாமனார் வழிச் சொந்தம் எல்லாம் இதில் வராது. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே பல ஆண்டுகளாக வளர்த்துவருபவர்களும் பயப்படாமல் அலகில் போய்க் கேட்கலாம்.

உறவுக்கு வெளியிலிருந்து தத்தெடுக்க விரும்புபவர்களுக்கு ஒரே வாசல்தான். காரா என்று சுருக்கிச் சொல்லும் அந்த ஆணையத்தின் தளத்தில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும். எந்த இல்லத்துக்கும் நேரில் போய்ப் பிள்ளையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. தம்பதி குறைந்தது இரண்டாண்டு நிலையான இல்வாழ்க்கையில் இருந்திருக்க வேண்டும். இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது; இரண்டுக்கு மேல் நான்கு வரை 90; எட்டு வரை 100; பதினெட்டு வரை 110. தனியாக இருப்பவருக்கு இந்த வரம்புகள் முறையே 40, 45, 50, 55. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் 25 வயது வித்தியாசம் வேண்டும். தனியாக வாழும் பெண் ஆண் பிள்ளையையோ பெண் பிள்ளையையோ எடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் பிள்ளை கிடையாது. இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள், எளிதில் குடும்பம் கிடைக்காத குழந்தைகள் ஆகியோர் மட்டுமே.

பதிந்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். குடும்பப் புகைப்படம், பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, இருப்பிடச் சான்று, கடந்த ஆண்டின் வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று ஆகியவை தேவை. இங்கே அடிக்கடி இடறுவது பெயர்தான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயரின் முதலெழுத்து பானில் உண்டு, ஆதாரில் இல்லை. பதியும் முன்பே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆலயத்தில் மட்டும் திருமணம் பதிந்தவர்கள் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துவைப்பது நல்லது. மீன்பிடித் தொழிலில் மாதச் சம்பளச் சீட்டு இருக்காது. அதற்காக ஒதுங்க வேண்டாம், வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றை ஈ-சேவை மையம் வழியாகப் பெறலாம். வங்கிக் கணக்கு வரவு செலவையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது வீட்டு ஆய்வு. ஆவணங்கள் ஏறிய 60 நாளுக்குள் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசி அறிக்கை தர வேண்டும். அறிக்கை மூன்றாண்டுக்குச் செல்லும். தூத்தூர், வள்ளவிளை பகுதிகளில் ஆழ்கடல் விசைப்படகில் போகும் கணவர் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். ஆய்வுக்கு இருவரும் வேண்டும் என்பதால், கரை திரும்பும் நாட்களையும் விடுப்பு நாட்களையும் முன்கூட்டியே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். தம்பதியர் இருவருமே வெளிநாட்டில் வசித்தால், வெளிநாட்டுவாழ் இந்தியர் என்ற பிரிவில் பதிய வேண்டும். அவர்களுக்கும் உள்நாட்டவருக்கு இணையான வரிசைதான், இந்தியர் என்பதால் பின்தள்ளப்படுவதில்லை. இந்து சட்டப்படி பத்திரம் எழுதித் தத்தெடுத்துவிட்டு, பிறகு பிள்ளையை வளைகுடாவுக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள் காராவின் தடையில்லாச் சான்றும் தேவை என்பதை மறந்து விமானச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள்.

ஆய்வுக்கு வருபவர் வீட்டின் அளவைப் பார்க்க வருவதில்லை. ஓட்டு வீடானாலும் ஓலை வீடானாலும் பரவாயில்லை. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், கிணற்றுக்கும் குளத்துக்கும் தடுப்பு உண்டா, மாமியாருக்குச் சம்மதமா, குடிப்பழக்கம் உண்டா, கடன் எவ்வளவு, பிள்ளையிடம் உண்மையைச் சொல்வீர்களா என்று கேட்பார். மாமியார் எதிர்க்கிறார் என்றால் மறைக்க வேண்டாம். அவரையும் உட்காரவைத்துப் பேசுவதற்கே ஆய்வு. குழந்தைப்பேறு சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருந்தால், அது முடியும் வரை பதிவைத் தள்ளிவைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டு நம்பிக்கைகளை ஒரே நேரத்தில் தூக்கிச் சுமப்பவர்களால் வரும் பிள்ளைக்கு முழு மனதோடு இடம் கொடுக்க முடிவதில்லை.

கட்டணம் பற்றிப் பல வதந்திகள் உலவுகின்றன. வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாய், பிள்ளையை ஏற்கும்போது பராமரிப்பு நிதியாக 50,000 ரூபாய் என்று வரையறை செய்யப்பட்டிருக்கிறது. தத்துக்குப் பிந்தைய ஆய்வுகளுக்கும் வரையறுத்த சிறு தொகை உண்டு. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். நன்கொடை என்று கேட்டால் மாவட்ட அலகில் புகார் செய்யுங்கள். வரிசையில் முன்னால் தள்ளிவிடுகிறேன் என்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான், ஏனென்றால் வரிசையைத் தளமே நடத்துகிறது. சின்னஞ்சிறு குழந்தைக்கான காத்திருப்பு மூன்றாண்டைத் தாண்டிப் போகிறது. வயது கூடிய பிள்ளை, உடன்பிறந்தவர்கள் சேர்ந்து வருவது, சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஆகியோருக்குக் காத்திருப்பு மிகக் குறைவு.

முறை வந்ததும் பிள்ளையின் புகைப்படம், குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் தளத்தில் தெரியும். விருப்பமானால் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையைத் தளத்தில் உங்களுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும், 30 நாளுக்குள் நேரில் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறப்பு எடை, தலைச் சுற்றளவு, தைராய்டு, மஞ்சள் காமாலை பி, எச்ஐவி சோதனைகள், செவித்திறன் ஆகியவற்றைக் கேளுங்கள். ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தையில் சில சோதனை முடிவுகள் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருளைக் காட்டலாம், அதை மருத்துவர் விளக்குவார். ஏற்ற பிறகு 10 நாளுக்குள் தத்துக்கு முந்தைய பராமரிப்பாகப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். ஆணை பின்னால் வரும். 2022 செப்டம்பர் 1 முதல் ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் அவரிடம் போன இரண்டு மாதத்துக்குள் மூடிய அறையில் விசாரித்து முடிக்க வேண்டும். இன்னும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வழக்கறிஞர்களிடம் இந்தத் தேதியைச் சுட்டிக்காட்டுங்கள். ஆணை வந்ததும் பெற்றோர் பெயருடன் புதிய பிறப்புச் சான்று வாங்கி, அதை வைத்தே ஆதார், பள்ளியின் எமிஸ் பதிவு எல்லாவற்றையும் மாற்றுங்கள். வரிசை தப்பினால் இரண்டு பெயரில் பதிவுகள் நிற்கும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் கூட்டம் வேண்டாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்து தூக்கினால் பிள்ளைக்கு யார் அம்மா என்று புரியாது. இல்லத்தில் கொடுத்த அதே பால்மாவையே சில நாள் தொடர்ந்து கொடுங்கள், மாற்றுவதானால் சிறிது சிறிதாக மாற்றுங்கள். அங்கே போர்த்திய துணியையும் கேட்டு வாங்கி வாருங்கள், துவைக்காமல் வையுங்கள். ஒடிசாவிலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வரும் நான்கு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. தண்ணீர், சோறு, வலி, பயம், கழிப்பறை ஆகிய சொற்களை அவன் மொழியில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வயது வந்த பிள்ளைகள் முதல் மாதம் மிகவும் அடக்கமாக இருந்துவிட்டு, இரண்டாம் மாதம் சோற்றை ஒளித்துவைப்பது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பொருளை உடைப்பது என்று தொடங்குவார்கள். "இவர்களும் என்னை விட்டுவிடுவார்களா?" என்று அவர்கள் சோதிக்கிறார்கள். இந்த இடத்தில்தான் சில குடும்பங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டாண்டுக்கு வரும் ஆய்வுப் பணியாளரிடம் அப்போதே மனம்விட்டுப் பேசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவர் வரும் நாளில் மட்டும் எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டுவது யாருக்கும் உதவாது.

உண்மையைப் பள்ளிப் பருவத்துக்கு முன்பே சொல்லத் தொடங்குங்கள். நம் ஊர்களில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் வைத்தால், பேருந்து நிறுத்தத்திலோ கல்யாண வீட்டிலோ யாரோ ஒருவர் சொல்லி முடித்துவிடுவார்கள். 18 வயதுக்குப் பின் பிள்ளை தானே தன் வேர்களைத் தேட விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடும்ப மரம் வரையச் சொல்லும்போதும், பிறந்த நாள் படம் கொண்டுவரச் சொல்லும்போதும், "உங்களை வளர்க்கும் ஆட்களை வரையுங்கள்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லையோரத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. களியக்காவிளை, கொல்லங்கோடு பகுதித் தாய்மார் பலர் திருவனந்தபுரத்தில் பிரசவிக்கிறார்கள். அங்கே ஒப்படைக்கப்பட்ட அல்லது கைவிடப்பட்ட குழந்தைக்கு அந்த மாவட்டக் குழுவே முடிவெடுக்கும். பிறப்புச் சான்றும் அங்கிருந்தே வரும். தாய் நம் மாவட்டத்தவர் என்றால், குழந்தையை இங்கு மாற்ற எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். ஆம்புலன்சில் அழைத்துவந்து இங்கே ஒப்படைத்துவிடுவதால் இரண்டு குழுவிலும் கோப்பு நின்றுபோகும்.

இனி எங்களுக்கு மிகவும் கவலை தரும் விஷயம். நம் மாவட்டத்தில் குழந்தைகள் இல்லங்களுக்குக் குறைவில்லை. 'ஹோமில் விட்டிருக்கு' என்பது இங்கே சாதாரணப் பேச்சாகிவிட்டது. அங்குள்ள பிள்ளைகளில் பலர் அநாதைகள் அல்ல. அப்பா கடலில் போய்விட்டார், அம்மா முந்திரி ஆலையிலோ வீட்டு வேலையிலோ இருக்கிறார், பள்ளிச் செலவுக்கு வழியில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் பல கடலோர வீடுகளில் தந்தையரைக் கொண்டுபோனபோதும் பலருக்கு முதலில் தோன்றியது இல்லம்தான். வறுமைக்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அதற்காகவே மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு இருக்கிறது. பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், கடும் நோயுற்ற பெற்றோர், உடல் செயலிழந்த பெற்றோர், பெற்றோரை இழந்து தாத்தா பாட்டியிடமோ மாமாவிடமோ வளரும் பிள்ளை ஆகியோருக்குக் கிடைக்கும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் தடைபடுவது வங்கிக் கணக்கு ஆதாருடன் இணையாததாலும், தந்தையின் இறப்புச் சான்றில் பெயர் வேறாக இருப்பதாலும்தான். மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் 18 வயது வரை கிடைக்கும். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாதவர்களுக்கும் அது. கிராம நிர்வாக அலுவலரும் தலைமை ஆசிரியரும் நினைத்தால் ஒரு வாரத்தில் தகுதியுள்ள பிள்ளைகளின் பட்டியல் தயாராகும்.

வளர்ப்புப் பராமரிப்பு தத்திலிருந்து வேறு. பிள்ளையைப் பெற்ற குடும்பத்தோடு உறவு அறுவதில்லை, வாரிசுரிமை வருவதில்லை. குழந்தை நலக்குழுவின் உத்தரவோடு ஒரு குடும்பம் குறிப்பிட்ட காலத்துக்கு வளர்க்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட, இல்லத்தில் இருக்கும் அல்லது பொறுப்பான பெரியவர் இல்லாத பிள்ளைகளுக்கே இது. தத்துக்குத் தகுதி பெற்ற பிள்ளையை நீண்டகால வளர்ப்புக்குக் கொடுக்கக் கூடாது. 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதல்படி 35 முதல் 60 வயது வரையுள்ள தனி நபரும் வளர்க்கலாம், தனி ஆணுக்குப் பெண் பிள்ளை மட்டும் இல்லை. இதற்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு. குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும். பெற்றோர் வந்து பார்க்கும் நாட்களைக் குழுவே குறிக்கும், வளர்ப்பவர்கள் அதைத் தடுக்க முடியாது. இரண்டாண்டு வளர்த்த பின் பிள்ளை தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்டால் அவர்களே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் தத்துக்குக் குறுக்கு வழியாக நினைத்து இதற்கு வராதீர்கள். நாளை தாய் தேறி வந்து பிள்ளையைக் கேட்டால் மனமாரக் கொடுக்கக் கூடியவர்களுக்கே இது.

இல்ல நிர்வாகிகளுக்கு: இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். ஓராண்டுக்கு மேல் யாரும் வந்து பார்க்காத பிள்ளைகளின் பெயரைக் குழுவிடம் கொடுங்கள். 66-ஆம் பிரிவின்படி அநாதையான, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்து நிறுவனத்தோடு இணைக்க வேண்டியது உங்கள் கடமை. வருகைப் பதிவேட்டில் யார் எப்போது வந்தார் என்று தேதியோடு எழுதாததால், பிள்ளை தத்துக்குத் தகுதியா என்று குழுவால் முடிவெடுக்க முடியாமல் ஆண்டுகள் போகின்றன. மூன்று வயதில் குடும்பம் கிடைத்திருக்கக் கூடிய பிள்ளைக்குப் பத்து வயதில் கிடைப்பது அரிது. அதேபோல, பெற்றோரைத் தேடியும் கிடைக்கவில்லை என்ற காவல்துறை அறிக்கை தாமதமானால் முழுக் கோப்பும் தாமதமாகும். பிள்ளை தத்துக்குத் தகுதி என்று அறிவிக்க, இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு இரண்டு மாதம், மேற்பட்டவருக்கு நான்கு மாதம் என்று சட்டம் வைத்த கெடு அந்த அறிக்கையை நம்பியே இருக்கிறது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, அரசு அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் வேறு ஆதரவின்றி வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. இல்லங்கள் இதை வட்டாட்சியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கினால் கல்லூரிச் சேர்க்கையின்போது அலைய வேண்டாம்.

உங்கள் நாளிதழிடமும் இரண்டு வேண்டுகோள்கள். மீட்கப்பட்ட குழந்தையின் படத்தையோ, தாயின் ஊரையோ, வீட்டை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிட வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. பெற்றோரைத் தேடிக் குழுவின் உத்தரவின்பேரில் வரும் அறிவிப்பு மட்டுமே விதிவிலக்கு. வாட்ஸ்அப்பில் படத்தைப் பரப்புபவர்களுக்கும் இதே சட்டம்தான். இரண்டாவது, இத்தகைய செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அதன் கீழே 1098 என்ற எண்ணையும், நாகர்கோவிலில் குழந்தை நலக்குழு அமரும் நாட்களையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முகவரியையும் கட்டம் கட்டி வெளியிடுங்கள். மாவட்ட நிர்வாகமும் இதே விவரங்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை ஒவ்வொரு பிரசவ வார்டிலும், சார்பதிவாளர் அலுவலகங்களிலும், ஆலய அலுவலகங்களிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பணியாளர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்